முதல் சந்திப்பில் ஒன்றுமே புரியவில்லை, அடுத்த சந்திப்பில் மாறியது என்ன? கணித மேதை ராமானுஜன் வேலை தேடிய கதை

நேர்காணல் சொதப்பிடுச்சு. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாய் வரலை. நாம சொன்னது எதிரே இருந்தவருக்குப் புரிந்த மாதிரியே தெரியலை. வீட்டுக்கு வந்ததும் எப்படி நடந்துச்சு என்று கேட்கிறாங்க. என்ன சொல்றது?

வேலை தேடும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். இன்றைக்கு உலகமே கொண்டாடும் கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜனுக்கும் வந்திருக்கிறது. அதுவும் ஒரு முறை இல்லை, பல முறை. கையில் பட்டம் இல்லை, சம்பளம் இல்லை, உடம்பும் சரியில்லை. அக்குளில் ஒரு நோட்டை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவர் அவர்.

அவருடைய மேதைமை பற்றி நிறையப் படித்திருப்போம். அவர் வேலை தேடிய வருடங்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு சந்திப்பு வீணாகிப் போன பிறகு அடுத்த சந்திப்புக்கு அவர் எப்படித் தயாரானார்? எதை மாற்றினார், எதை மாற்றவில்லை? பார்ப்போம்.

யார் இந்த ராமானுஜன்?

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஸ்ரீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள். வசதியான குடும்பம் கிடையாது.

பள்ளியில் ராமானுஜன் நல்ல மாணவர். 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலிடம். அடுத்து கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். 1903-இல், 15 வயதில், ஜி.எஸ்.கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கியிருக்கும் புத்தகம் அது. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் ஒன்றிரண்டு வரிதான், சிலவற்றுக்கு அதுவும் இருக்காது.

இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட ஒரு காரணம் இருக்கிறது. முடிவை மட்டும் எழுது, நடுவில் வரும் படிகளை விட்டுவிடு என்ற பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் புத்தகமும் ஒரு காரணம் என்பார்கள். காகிதம் விலை அதிகம் என்பதும் இன்னொரு காரணம். ஸ்லேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். பின்னாளில் அவருடைய பல சந்திப்புகள் சிக்கலானது இந்த இடத்தில்தான்.

உதவித்தொகை எப்படிப் போனது?

1904-இல் மெட்ரிகுலேஷன் முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனசு ஓடவில்லை. ஆங்கிலம் உள்ளிட்ட பாடங்களில் மதிப்பெண் விழுந்தது. உதவித்தொகை நின்றுபோனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் கிளம்பி விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள் குடும்பம் தவித்துப் போனது.

1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் இரண்டாவது முயற்சி. அப்போது பட்டப்படிப்புக்கு முன்னால் எஃப்.ஏ. என்ற தேர்வில் தேற வேண்டும். 1906-இல் தோல்வி. அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதினார், மறுபடியும் தோல்வி. உடலியங்கியல் போன்ற பாடங்கள் காலை வாரின. அத்தோடு கல்லூரிக் கதவு மூடிவிட்டது.

இதற்குப் பிறகு சில வருடங்கள் அவர் கையில் எந்த வருமானமும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து ஸ்லேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பாங்க என்று நாமே யூகிக்கலாம்.

வேலை தேடல் எப்போது தொடங்கியது?

1909 ஜூலையில் ஜானகி அம்மாளோடு திருமணம். அந்தக் கால வழக்கப்படி ஜானகி அப்போது சிறுமி. திருமணம் ஆனதும் குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. அதே சமயம் உடம்பும் படுத்தியது. அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லாமல் தவித்து, கடைசியில் ஒரு மருத்துவர் கட்டணம் வாங்காமல் செய்துகொடுத்தார்.

உடம்பு தேறியதும் வேலை தேடிக் கிளம்பினார். முதலில் ட்யூஷன். அது சரிப்பட்டு வரவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் வழியை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுவார், தேர்வுக்குப் படிக்கும் பையனுக்கு அது உதவாது.

இன்னொரு முறை உடல்நிலை மோசமானபோது, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த நோட்டுகளைக் கணிதம் தெரிந்த பேராசிரியர்களிடம் சேர்த்துவிடும்படி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வேலைக்காக ஊர் ஊராகப் போனபோது அவர் கூடவே எடுத்துப் போனதும் இந்த நோட்டுகளைத்தான். அவரிடம் இருந்த ஒரே சான்றிதழ் அதுதானே!

திருக்கோவிலூரில் கேட்ட வேலை ஏன் கிடைக்கவில்லை?

1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயரைத் தேடிப் போனார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். ராமானுஜன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வருவாய்த் துறையில் ஒரு குமாஸ்தா வேலை.

ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அசந்து போனார். ஆனால் வேலை தரவில்லை. இப்படிப்பட்ட ஆளைத் தாலுகா ஆபீஸின் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து, அவர் திறமையை அடக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

ஒரு வேலையை நம்பிப் போனவர் கையில் ஒரு கடிதத்தோடு திரும்புகிறார். அன்றைக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்தடுத்து திறந்த கதவுகளில் பலவும் அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கியவை. சென்னையில் பி.வி.சேஷு ஐயரைப் பார்த்தார். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவுக்கு ஒரு சிபாரிசு.

கலெக்டருடன் நடந்த முதல் சந்திப்பு ஏன் எடுபடவில்லை?

1910 டிசம்பர் வாக்கில் ராமச்சந்திர ராவ் முன்னால் போய் நின்றார் ராமானுஜன். அன்றைக்கு அவர் எப்படி இருந்தார் என்பதை ராவ் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். குள்ளமான, பருமனான உருவம். சவரம் செய்யாத முகம். அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாத தோற்றம். அக்குளில் நைந்துபோன நோட்டு. ஒன்றே ஒன்றுதான் ராவின் மனதில் பளிச்சென்று பதிந்தது, மின்னும் கண்கள்.

ராமச்சந்திர ராவும் கணிதம் தெரிந்தவர்தான். ராமானுஜன் நோட்டைத் திறந்து தன் கண்டுபிடிப்புகளை விளக்க ஆரம்பித்தார். ராவுக்கு ஒன்றும் புரியவில்லை. இது உண்மையான கணிதமா, வெறும் பிதற்றலா என்றுகூட அவரால் முடிவு செய்ய முடியவில்லை. இவராகக் கண்டுபிடித்ததுதானா என்ற சந்தேகமும் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்கிற மாதிரி அனுப்பி வைத்தார்.

இன்றைய பாஷையில் சொன்னால், ஃபெயிலான நேர்காணல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ராமானுஜன் சொன்னதில் தவறு இல்லை. கேட்டவர் கெட்டவரும் இல்லை, உதவும் மனசு உள்ளவர்தான். பிரச்சினை நடுவில் இருந்தது. தனக்கு எது ரொம்ப ஆழமானதோ அதிலிருந்து இவர் பேச ஆரம்பித்தார். எதிரே இருந்தவருக்கோ ஏறி வர முதல் படியே தெரியவில்லை.

மறுபடி போனபோது எதை மாற்றினார்?

சில நாள்களில் ராமானுஜன் திரும்பவும் போனார். இந்த முறை வேறு மாதிரி தொடங்கினார்.

தன்னுடைய எளிய முடிவுகளில் சிலவற்றை முதலில் காட்டினார். அன்றைக்கு இருந்த பாடப்புத்தகங்களைத் தாண்டியவைதான், ஆனால் கணிதம் படித்த ஒருவர் தொடர்ந்து வரக்கூடியவை. அதைப் பார்த்ததும் ராமச்சந்திர ராவுக்கு நம்பிக்கை வந்தது, இவர் சாதாரண ஆள் இல்லை என்று. பிறகு ஒவ்வொரு படியாக மேலே கூட்டிக்கொண்டு போனார். நீள்வட்டத் தொகையீடுகள், அதிலிருந்து மிகைப்பெருக்குத் தொடர்கள், கடைசியில் அதுவரை உலகத்துக்கே சொல்லாத தன் விரிதொடர்க் கோட்பாடு. முதல் நாள் எங்கே தொடங்கியிருக்கக் கூடாதோ, அங்கே இப்போது கடைசியாக வந்து சேர்ந்தார்.

சந்தேகத்தைத் தீர்க்க வேறு ஒன்றும் உதவியது. தன் வேலையை பம்பாயில் இருந்த சல்தானா என்ற கணிதப் பேராசிரியருக்கு ராமானுஜன் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். முழுதாகப் புரியவில்லை, ஆனாலும் இது போலி இல்லை என்பதே அவருடைய கருத்து. நண்பர் ஒருவரும் ராவிடம் எடுத்துச் சொன்னார்.

என்ன வேண்டும் என்று ராமச்சந்திர ராவ் கேட்டார். ராமானுஜன் பெரிய பதவி கேட்கவில்லை. ஆராய்ச்சியைத் தொடர, சாப்பாட்டுக்குக் கவலையில்லாமல் இருக்க ஒரு சிறு தொகை போதும் என்றார். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க ராவ் ஒப்புக்கொண்டார்.

இரண்டு சந்திப்புக்கும் நடுவில் ராமானுஜனின் கணிதம் வளர்ந்துவிடவில்லை. அதே ஆள், அதே நோட்டு. மாறியது சொல்லும் வரிசை மட்டும்தான்.

1911-இல் என்ன செய்தார்?

பணக் கவலை கொஞ்சம் குறைந்ததும், தன் வேலையை அச்சில் கொண்டுவரும் முயற்சியில் இறங்கினார். இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்குக் கணக்குகள் அனுப்பினார். அதில் ஒன்று இன்றைக்கும் பிரபலம். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவே இல்லாமல் நீளும் ஒரு கோவை, அதன் மதிப்பு என்ன என்பது கேள்வி. ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

அதே 1911-இல், பெர்னூலி எண்களைப் பற்றிய 17 பக்கக் கட்டுரை அதே இதழில் வெளிவந்தது. அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை அது. இதழாசிரியர் எம்.டி.நாராயண ஐயங்காருக்கு இந்தக் கட்டுரை சுலபமாக இருக்கவில்லை. ராமானுஜனின் எழுத்து அவ்வளவு சுருக்கம், அவ்வளவு புதுசு. கையெழுத்துப் பிரதி போய்ப் போய் வந்தது. சாதாரண வாசகர் தொடரும்படி திருத்தித் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

கலெக்டர் முன்னால் வாயால் பழகியதை இப்போது காகிதத்தில் பழகிக்கொண்டார் என்று சொல்லலாம். இன்னொரு லாபமும் உண்டு. இதுவரை அவரிடம் இருந்தது நைந்த நோட்டு மட்டும். இப்போது அச்சில் பெயர் வந்தாச்சு. அடுத்த கதவைத் தட்டும்போது காட்ட ஒன்று இருந்தது.

துறைமுக வேலை விண்ணப்பத்தில் என்ன எழுதினார்?

ஒருவர் கைக்காசில் வாழ்வது ராமானுஜனை உறுத்தியது. 1912 ஜனவரியில் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சில வாரங்கள்தான் நீடித்தது. அந்த வேலையில் இருக்கும்போதே அடுத்ததற்கு விண்ணப்பித்தார்.

1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியிலிருந்து சென்னைத் துறைமுகத்தின் தலைமைக் கணக்கருக்கு அவர் எழுதிய கடிதம் மிகச் சுருக்கமானது. காலியாக இருக்கும் குமாஸ்தா பணிக்கு விண்ணப்பிப்பதைச் சொல்கிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். சில பாதகமான சூழ்நிலைகளால் மேற்படிப்பைத் தொடர முடியாமல் போனதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன் பிறகு தன் நேரம் முழுவதும் கணிதத்தில் போனதைக் குறிப்பிடுகிறார். கொடுக்கும் வேலையை நன்றாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறார்.

படிப்பு பாதியில் நின்றதை மறைக்கவில்லை. அதற்காகப் பக்கம் பக்கமாக வருத்தமும் படவில்லை. யார் மேலும் பழி போடவில்லை. அந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அடுத்த வரியிலேயே வைத்துவிட்டார். கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் இருந்தது, அசாதாரணமான கணிதத் திறமை உள்ள இளைஞர் என்று.

1912 மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

அங்கே அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. தலைமைக் கணக்கர் எஸ்.நாராயண ஐயர் கணிதக் கழகத்தில் பொறுப்பில் இருந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். சாயங்காலங்களில் நாராயண ஐயரும் ராமானுஜனும் ஸ்லேட்டோடு உட்காருவார்கள். இரண்டு வரியில் முடிப்பதைப் பத்து வரியாக எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று அவர் விடாமல் வற்புறுத்தியிருக்கிறார். தனக்கே புரியாததை வெளியில் யார் புரிந்துகொள்வார் என்பது அவர் கவலை.

லண்டனும் கேம்பிரிட்ஜும் என்ன சொன்னது?

1912 கடைசியில் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு அவருடைய வேலையை அனுப்பிப் பார்க்கும் முயற்சி தொடங்கியது. லண்டனில் இருந்த எம்.ஜே.எம்.ஹில் பதில் அனுப்பினார். திறமை தெரிகிறது, ஆனால் விரிதொடர்களில் வழக்கமாக எல்லாரும் விழும் குழியில் இவரும் விழுந்திருக்கிறார் என்ற மாதிரியான பதில். இன்ன புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்ற ஆலோசனையும் இருந்தது. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணித அறிஞர்களிடமிருந்து உதவி வரவில்லை.

1913 ஜனவரி 16-ஆம் தேதி, ட்ரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி.எச்.ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் சொற்பச் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்பதிலிருந்தே தொடங்குகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறார். அடுத்து, ஹார்டியே எழுதிய ஒரு வெளியீட்டில் விடை இல்லாமல் விட்டிருந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, அதற்குத் தன்னிடம் விடை இருப்பதாகச் சொல்கிறார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள்.

எதிரே இருப்பவர் என்ன வேலை செய்திருக்கிறார் என்று படித்துவிட்டு, அங்கிருந்து பேச்சைத் தொடங்கியிருக்கிறார் பார்த்தீர்களா? ஹார்டி முதலில் இதை ஏதோ மோசடி என்றுதான் நினைத்தார். ஆனால் மனசை விட்டுப் போகவில்லை. அன்று இரவு சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. சில தவறானவை. சிலவோ அவர்கள் அதுவரை பார்த்தே இராதவை. பிப்ரவரி 8-ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார், நிரூபணங்களை அனுப்பச் சொல்லி.

ராமானுஜனின் இரண்டாவது கடிதம் இன்னும் சுவாரசியமானது. எல்லா இயல் எண்களையும் கூட்டினால் தன் கோட்பாட்டின்படி மைனஸ் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று எழுதிவிட்டு, இதைக் கேட்டால் தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவரே முந்திக்கொள்கிறார். லண்டன் பேராசிரியரிடம் பட்ட அனுபவத்தையும் மறைக்காமல் சொல்கிறார். கூடவே, தான் பாதிப் பட்டினியில் இருப்பதையும், ஹார்டியிடமிருந்து அனுதாபமான ஒரு கடிதம் கிடைத்தால் இங்கே உதவித்தொகை வாங்க அது உதவும் என்பதையும் நேரடியாக எழுதுகிறார். தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

உதவித்தொகை கிடைத்ததா?

கிடைத்தது. வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் வேலையைக் காட்டினார். வாக்கர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்ற கேள்வியைத் தாண்டி, 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருடத்துக்கு வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவர் அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் ஆனார்.

1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பி, ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1916-இல் ஆராய்ச்சியின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

அதோடு தோல்விகள் முடிந்ததா?

இல்லை. 1917-இல் ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவிக்கு அவர் பெயர் போனது, நிராகரிக்கப்பட்டது. ஹார்டிக்குக் கல்லூரியில் சிலரோடு இருந்த மனக்கசப்பு ஒரு பக்கம். நிறவெறுப்பும் அங்கே இருந்தது, அதை லிட்டில்வுட் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். போர்க்காலம், சரியான சைவச் சாப்பாடு கிடைக்காத ஊர், தனிமை, நோய். அந்தச் சமயத்தில் ராமானுஜன் மருத்துவமனைகளில்தான் அதிக நாள் இருந்தார்.

அவருடைய ஆதரவாளர்கள் அதே கதவை உடனே மறுபடி தட்டவில்லை. முதலில் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயரைக் கொண்டு போனார்கள். 1918 மே மாதம் எஃப்.ஆர்.எஸ். ஆனார், அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர். ராயல் சொசைட்டியே ஏற்றுக்கொண்ட ஒருவரை ட்ரினிட்டியால் எப்படி மறுக்க முடியும்? அதே ஆண்டு அக்டோபரில் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கல்லூரியில் அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர்தான்.

1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 32. கடைசி நாள்களில்கூட கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை.

அடுத்த நேர்காணலுக்கு இதில் என்ன இருக்கிறது?

நாம யாரும் ராமானுஜன் இல்லை. ஆனால் அவர் செய்த சில விஷயங்களுக்கு மேதையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

- எங்கே அறுந்தது என்று பாருங்கள். விஷயம் தெரியாததால் போச்சா, தெரிந்ததைச் சொல்லத் தெரியாததால் போச்சா? இரண்டுக்கும் மருந்து வேற வேற. நேர்காணல் முடிந்த அன்றே, கேட்ட கேள்விகளையும் நாம சொன்ன பதிலையும் எழுதி வைத்தால் இது தெரிந்துவிடும். இரண்டு நாள் விட்டால் வெட்கம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.
- எளியதிலிருந்து ஏறுங்கள். செய்த வேலையிலேயே கடினமானதை முதல் நிமிடத்தில் கொட்ட வேண்டாம். எதிரே இருப்பவருக்குப் புரியும் ஒரு சின்ன உதாரணம், அதிலிருந்து அடுத்தது.
- நடுப்படிகளை விடாதீர்கள். உங்கள் துறை தெரியாத வீட்டு ஆள் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் முழிக்கிறாரோ, அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.
- இடைவெளியை ஒரு வரியில் சொல்லுங்கள். அரியர், பாதியில் நின்ற படிப்பு, வேலையில்லாத வருடம் எதுவானாலும் சரி. அடுத்த வரியில் அந்த நேரத்தில் செய்ததைச் சொல்லுங்கள்.
- அடுத்த முறை கையில் புதுசாக ஒன்றோடு போங்கள். ஒரு சிறிய புராஜெக்ட், ஒரு பரிந்துரை, சில வார அனுபவம். ராமானுஜனுக்கு அந்த 17 பக்கக் கட்டுரை மாதிரி.
- எதிரே இருப்பவரைப் படியுங்கள். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, எங்கே திணறுகிறது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்

ராமானுஜன் தனியாக ஜெயிக்கவில்லை. வேலை தராவிட்டாலும் கடிதம் கொடுத்த ராமசாமி ஐயர், இரண்டாவது முறையும் நேரம் ஒதுக்கிய ராமச்சந்திர ராவ், பிரதியைத் திருப்பி அனுப்பி அனுப்பித் திருத்திய நாராயண ஐயங்கார், பத்து வரி எழுது என்று நச்சரித்த நாராயண ஐயர் என்று ஒரு பெரிய வரிசையே அவர் பின்னால் இருந்தது. இப்படி ஆள் அமையாததால் நோட்டோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ட்ரினிட்டியில் நடந்த மாதிரி, ஒரு நிராகரிப்பில் நம்ம தப்பே இல்லாமலும் இருக்கலாம்.

அதனால் நேர்காணல் நடத்தும் இடத்தில் இருப்பவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு சேதி உண்டு. முன்னால் இருக்கும் பையனோ பெண்ணோ சொல்வது புரியவில்லை என்றால், ராமச்சந்திர ராவ் செய்ததைச் செய்யலாம். இன்னொரு முறை வரச் சொல்லலாம். எடுக்க முடியாத நிலை என்றால், ராமசாமி ஐயர் மாதிரி யாரைப் பார்க்கலாம் என்றாவது சொல்லி அனுப்பலாம்.

வேலை தேடுபவர்களுக்கு? அந்த நோட்டை மூடி வைக்க வேண்டாம். முதல் பக்கமாக எதைக் காட்டுவது என்று மட்டும் யோசித்து வையுங்கள்.